நிலவொளியை அச்சிட்ட ஹசுயி

குழந்தைகளே, இரவுக் காட்சி வரையச் சொன்னால் எந்த வண்ணத்தை எடுப்பீர்கள்? கருப்புதானே! ஜப்பான் ஓவியர் கவாசே ஹசுயி பெரும்பாலும் எடுத்தது நீலம்.

இவர் 1883-ல் டோக்கியோவில் பிறந்தவர். வீட்டிலோ குடும்ப வியாபாரத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். 25 வயதைத் தாண்டிய பிறகே ஓவியர் கபுராகி கியோகாதாவிடம் போக முடிந்தது. வயது கடந்துவிட்டதென்று அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறிடத்தில் பயின்றுவிட்டு, மீண்டும் அதே கதவைத் தட்டினார் ஹசுயி. இம்முறை இடம் கிடைத்தது!

பிறகு ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பேடுகளில் வரைந்து வந்தார். 1918 முதல் அவை மரப்பலகை அச்சு ஓவியங்களாயின. செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் வேறொருவர். பலகையில் நீலத்தை ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் லேசாகவும் தடவித் தாளை வைத்துத் தேய்ப்பார்கள். மேலே இருண்டு கீழே வெளுக்கும் வானம் வந்துவிடும். நிலவுக்கு? பல படங்களில் வண்ணமே படாத வெறும் தாள்தான் நிலவு!

1923 செப்டம்பர் 1-ல் பெரும் பூகம்பம், தொடர்ந்து தீ. பதிப்பாளர் வதனபேயின் கடையும் பலகைகளும் எரிந்தன. ஹசுயியின் வீடும், அத்தனை குறிப்பேடுகளும் சாம்பல். அப்போது அவருக்கு வயது 40. பாவம், எப்படி இருந்திருக்கும்! வதனபே ஊக்கம் தர, புதுக் குறிப்பேட்டுடன் நூறு நாட்களுக்கு மேல் பயணம் செய்து வரைந்தார்.

1957-ல் மறையும்வரை வரைந்தார். எனக்குப் பிடித்தது, 1930-ல் வந்த 'மகோமே நிலவு'. உயர்ந்த பைன் மரங்களுக்குப் பின்னால் முழுநிலவு. கீழே இருட்டில் ஒரு வீடு. ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். உள்ளே யார் விழித்திருக்கிறார்களோ!