பாக்டீரியாவைத் தடுத்த பீங்கான் குழாய்... யார் இந்த சார்லஸ் ஷாம்பர்லான்?

வாட்டர் ஃபில்டருக்குள்ள வெள்ளையா ஒரு 'கேண்டில்' இருக்குமே, அதன் முன்னோடிகளில் ஒன்றை உருவாக்கியவர் சார்லஸ் ஷாம்பர்லான். 1851-ல் பிரான்ஸின் ஜூரா பகுதியில் பிறந்தவர். பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆய்வகத்தில் பணியாற்றினார்.

1884-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு மார்செய், டூலோன் நகரங்களில் காலரா பரவியது. டைபாய்டும் தண்ணீர் வழியே பரவி உயிர்களைப் பறித்துவந்த காலம் அது. அதே ஆண்டில்தான் ஷாம்பர்லானின் ஃபில்டர் வந்தது.

எப்படி வேலை செய்தது?

மெருகு பூசாத பீங்கான் குழாய். அதன் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே போகும், பாக்டீரியா வெளியிலேயே சிக்கிக்கும். அடைத்துக்கொண்டால் கழுவி, சூடேற்றி மறுபடியும் பயன்படுத்தலாம்.

அங்கதான் ட்விஸ்ட்!

1892-ல் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி இவனோவ்ஸ்கி, நோய் தாக்கிய புகையிலைச் சாற்றை இந்த ஃபில்டரில் வடிகட்டினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸைத் தேடும் பயணம் இங்கிருந்துதான் தொடங்கியது.

1908-ல் ஷாம்பர்லான் மறைந்தார். இன்று பீங்கானோடு பாலிமர் மெம்பிரேன்களும் வந்துவிட்டன. பாக்டீரியா, பாசியை நிறுத்த மைக்ரோ ஃபில்ட்ரேஷன். வைரஸுக்கு அதைவிட நுண்ணிய அல்ட்ரா ஃபில்ட்ரேஷன். ஆக, தண்ணீர் தெளிவா இருந்தா மட்டும் போதாது. ஃபில்டரின் துளை எவ்வளவு சின்னது என்பதுதான் விஷயம்.