கீழடிக்கு வயது சொன்ன முறையைத் தந்தவர், அணுகுண்டு தூசியில் கணக்கைத் தவறவிட்டது எப்படி? யார் இந்த வில்லர்ட் லிபி?

கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்கு எப்படி வயது சொன்னாங்க? கார்பன் டேட்டிங் முறையில்தான். அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க வேதியியலாளர் வில்லர்ட் லிபி. ஆனால் அவருக்கு இன்னொரு பக்கமும் இருக்கு.

விவசாயி மகன்

1908-ல் கொலராடோவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுக்காக யுரேனியத்தைப் பிரிக்கும் ஆய்வில் இருந்தார். போர் முடிந்ததும் சிகாகோவில் கார்பன் டேட்டிங்கை உருவாக்கினார். 1960-ல் நோபல் பரிசு.

மண்ணில் தேடியது என்ன?

1953-ல் 'ப்ராஜெக்ட் சன்ஷைன்' தொடங்கியது. அணுகுண்டு சோதனைகளில் உருவாகும் ஸ்ட்ரான்ஷியம்-90 உலகம் முழுக்க எங்கெல்லாம் படியுதுன்னு அளக்கும் திட்டம். இதில் லிபிக்கு முக்கியப் பங்கு. அடுத்த ஆண்டே அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினரானார்.

ஸ்ட்ரான்ஷியம் கால்சியம் மாதிரியே நடந்துகொள்ளும். மண்ணிலிருந்து புல், புல்லிலிருந்து பசும்பால், பாலிலிருந்து குழந்தைகளின் எலும்பு என்று போய்ச் சேரும். கால்சியம் குறைந்த மண்ணில் செடிகள் இதை அதிகமா உறிஞ்சும்.

அதனால் மண், பாலோடு இறந்த குழந்தைகளின் எலும்புகளும் சேகரிக்கப்பட்டன. பல பெற்றோருக்கு இது தெரியவே தெரியாது. 1990களில்தான் உண்மை வெளியே வந்தது.

கணக்கு எங்கே தப்பியது?

பெரிய குண்டுகளின் தூசி மேல் வளிமண்டலத்தில் பல வருடம் தங்கி, உலகம் முழுக்கச் சமமா பரவி, மெதுவா இறங்கும் என்று லிபி கணித்தார். சோதனைகளால் வரும் ஆபத்து மிகக் குறைவு என்றும் வாதாடினார்.

ஆனால் அளவீடுகள் வேறு சொன்னது. தூசி சீக்கிரமே இறங்கியது, அதுவும் சமமா இல்லை. வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில்தான் அதிகம். வசந்த காலத்தில் கூடுதலா விழுந்தது. மழை அதிகம் பெய்த இடத்தில் மண்ணில் படிவும் அதிகம்.

30 டாலர் பதுங்குமிடம்

1961-ல் லிபி தன் வீட்டில் 30 டாலர் செலவில் கதிர்வீச்சுப் பதுங்குமிடம் கட்டினார். ஏழைகளும் கட்டலாம் என்று காட்டத்தான். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயில் அது எரிந்துபோனது.

1963-ல் வளிமண்டல அணுச்சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தது. லிபி 1980-ல் காலமானார்.

அப்போது விழுந்த சீசியம்-137 களிமண்ணில் ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கு. அது உச்சத்தில் இருக்கும் அடுக்கு 1963-ஐக் காட்டும். அதை வைத்தே ஏரி வண்டலுக்கு இன்று விஞ்ஞானிகள் வயது கணக்கிடுறாங்க.