99-ல் நின்ற வீரர் ஜெய்சிம்ஹா!



கிரிக்கெட் பிடிக்காதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். ம்ஹூம்... அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த வாரம் ஒரு கிரிக்கெட் வீரரின் கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், எங்கள் ஊரில் நடந்த ஒரு சின்னக் கதையைக் கேளுங்கள்.

நீலகிரி மாவட்டத்தில், ஊட்டியில் இருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கிறது எங்கள் எமரால்டு. பெரிய அணை உண்டு. தேயிலைத் தோட்டம் உண்டு. கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் விளையும். எங்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், சமமான தரை! மலைச்சரிவில் கொஞ்சம் இடம் கிடைத்தால் அதுதான் பையன்களுக்கு மைதானம். ஓங்கி அடித்தால் பந்து சரிவில் உருண்டு கேரட் பாத்தியில் போய் விழும். அதைத் தேடி எடுத்து வருவதற்குள் பனிமூட்டம் வந்து மைதானத்தையே மூடிவிடும்.

நான் ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில், ஒருநாள் பையன்களுக்குள் போட்டி. ஸ்கோர் எழுதும் வேலை என்னுடையது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தான். 49 ரன் எடுத்துவிட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று, ஐம்பதுக்கு இன்னும் ஒரு ரன்தான் பாக்கி என்று மைதானம் முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

அதுவரை சிரித்துக்கொண்டே ஆடியவன் முகம் மாறிவிட்டது. கையுறையைக் கழற்றினான், மாட்டினான். மட்டையைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தான். அடுத்து வந்தது மிகச் சாதாரணமான பந்து. அவன் மட்டை அசையவே இல்லை. ஸ்டம்ப் எகிறியது!

பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அடுத்த வாரம் விளையாட வரவே இல்லை. தவறு யாருடையது? என்னுடையதுதான்! அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் அவனை எண்ணைப் பார்க்க வைத்துவிட்டேன். சமாதானப்படுத்த அவன் வீட்டுக்கே போனேன். அப்போது அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

எம்.எல்.ஜெய்சிம்ஹா! உங்கள் தாத்தாவிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் கண்கள் பளிச்சிடும். சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, ராஜநடை நடந்து ஆடவரும் அழகுக்காகவே அவரைப் பார்க்கக் கூட்டம் கூடுமாம்.

1939-ம் ஆண்டு மார்ச் 3-ம் தேதி செகந்திராபாத்தில் பிறந்தார் ஜெய்சிம்ஹா. எங்கள் குன்னூர் பக்கம் இருக்கும் வெலிங்டனைப் போல, செகந்திராபாத்தும் ராணுவத்தினர் வாழும் ஊர். 15 வயதிலேயே ஐதராபாத் அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆட அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. உங்களில் சிலருக்கு இப்போது அந்த வயதுதான் நெருங்கிக்கொண்டிருக்கும். ஆந்திர அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த ரன் எவ்வளவு தெரியுமா? 90! முதல் ஆட்டத்திலேயே சதத்தின் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டார்.

1959-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் சேர்க்கப்பட்டார். லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட். ஆனால் இரண்டு இன்னிங்சிலும் பத்து ரன்னைக்கூட அவர் தொடவில்லை. இவ்வளவுதானா இந்தப் பையன் என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாய்ப்பு 1960 ஜனவரியில் வந்தது. அப்போது கல்கத்தா என்று அழைக்கப்பட்ட கொல்கத்தாவில், ஈடன் கார்டன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். முதல் இன்னிங்சில் ஆட்டமிழக்காமல் 20 ரன். இரண்டாவது இன்னிங்சில் 74 ரன். இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஒரு டெஸ்டின் ஐந்து நாட்களிலும், ஒவ்வொரு நாளும் அவர் மட்டை பிடித்திருந்தார்! உலகில் அப்படிச் செய்த முதல் வீரர் அவர்தான். பின்னாளில் ரவி சாஸ்திரியும், 2017-ல் புஜாராவும் அதே ஈடன் கார்டனில் இதைச் செய்தார்கள். அந்த டெஸ்ட் டிரா ஆனது. சதம் இல்லை, ஆனால் ஆட்டத்தைக் காப்பாற்றிய 74 அது.

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

1960 டிசம்பர். கான்பூர் கிரீன் பார்க் மைதானம். எதிரணி பாகிஸ்தான். அவர்கள் முதலில் ஆடி 335 ரன் எடுத்திருந்தார்கள். இந்தியாவுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஜெய்சிம்ஹாவுக்கு அப்போது வயது 21. அடித்து ஆடுவதில் பெயர் பெற்ற அவர், அன்று தவம் செய்வதுபோல நின்றார். தடுத்தார், தடுத்தார், தடுத்துக்கொண்டே இருந்தார். மொத்தம் 505 நிமிடம்! அதாவது 8 மணி 25 நிமிடம். காலையில் மணி அடித்ததில் இருந்து மாலையில் மணி அடிக்கும் வரை நீங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தைவிட அதிகம்!

50 ஆனது. 70 ஆனது. 90 ஆனது. 99-ம் ஆனது.

முதல் டெஸ்ட் சதத்துக்கு ஒரே ஒரு ரன். அப்போது... ரன் அவுட்!

எட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பந்துவீச்சாளர்கள் எவராலும் அசைக்க முடியாத ஒருவர், ஓட்டத்தில் விக்கெட்டை இழந்தார். ஸ்கோர் போர்டில் 99 அப்படியே நின்றுவிட்டது. மறுமுனையில் பாலி உம்ரிகர் 115 ரன் எடுக்க, இந்தியா 404 ரன் குவித்தது. அந்த ஆட்டமும் டிராவில் முடிந்தது.

சரி, சதத்தை நெருங்கும்போது மட்டும் ஏன் பேட்ஸ்மேன்களுக்கு இந்தப் பதற்றம்? இதற்கு நெர்வஸ் நைன்ட்டீஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள். தொண்ணூறுகளில் வரும் நடுக்கம் என்று சொல்லலாம். புதியவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள். பங்கஜ் ராயைப் பாருங்கள். 1956-ல் நம் சென்னையில், நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தவர். 52 ஆண்டுகள் முறியடிக்கப்படாத உலக சாதனை அது. ஐந்து டெஸ்ட் சதங்கள் கண்ட அனுபவசாலி. அவரே 1959-ல் டெல்லியில் 99 ரன்னில் ஆட்டமிழந்தார். சச்சின் டெண்டுல்கர்? 2007 என்ற ஒரே ஆண்டில், ஒருநாள் போட்டிகளில் மூன்று முறை 99-ல் ஆட்டமிழந்தார்! டெஸ்டிலும் 10 முறை தொண்ணூறுகளில் அவுட் ஆகியிருக்கிறார்.

காரணம் என்ன? ஒரு சோதனை செய்து பாருங்கள். அரை டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு சமையலறையில் இருந்து கூடத்துக்கு நடங்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. அடுத்து, விளிம்பு வரை டீ நிரப்பி, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை எல்லாரும் உங்களையே பார்க்கும்போது நடங்கள். கை நடுங்கும். சிந்திவிடும்! (அம்மாவிடம் திட்டு வாங்கினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.)

நடப்பது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சிந்திவிடக்கூடாதே என்ற பயம் வந்ததும், தானாக நடந்த கால்களை மூளை ஒவ்வொரு அடிக்கும் கண்காணிக்கத் தொடங்கிவிடுகிறது. பயம் வரும்போது உடலில் அட்ரினலின் என்ற சுரப்பு அதிகமாகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகள் இறுகுகின்றன. மட்டை பிடிப்பதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான முறை பழகிய கை, பந்தைப் பார்த்ததும் தானாக வேலை செய்யும். மனசு குறுக்கே புகுந்து, ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று சொன்னால் கை தடுமாறுகிறது.

அனுபவசாலிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சதத்தின் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பு தவறவிட்ட சதங்களும் நினைவில் இருக்கும். எதிரணித் தலைவர் சும்மா இருப்பாரா? அந்த ஒரு ரன்னைக் கொடுக்காமல் இருக்க, பீல்டர்களைப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்துவார். 90 ரன் வரை எப்படி ஆடினாரோ, அந்த வழியை பேட்ஸ்மேன் திடீரென்று மாற்றிக்கொள்வார். மாட்டிக்கொள்வார்!

யோசித்துப் பாருங்கள். 98-க்கும் 99-க்கும் ஒரு ரன்தான் வித்தியாசம். 99-க்கும் 100-க்கும் அதே ஒரு ரன்தான். அணியின் கணக்கில் இரண்டும் ஒன்றே. நாம் கை தட்டுவது மட்டும் நூறுக்கு! டான் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94. 1948-ல் தன் கடைசி இன்னிங்சில் 4 ரன் எடுத்திருந்தால் அது 100 ஆகியிருக்கும். இரண்டாவது பந்திலேயே பூஜ்யத்தில் ஆட்டமிழந்தார். அதனால் பிராட்மேன் சிறியவர் ஆகிவிட்டாரா என்ன?

மறுபடியும் நம் ஜெய்சிம்ஹாவிடம் வருவோம். 99-ல் போனவர் மனம் உடைந்து மூலையில் உட்கார்ந்துவிட்டாரா? இல்லை! சரியாக ஒரே ஆண்டில், 1961 டிசம்பரில், டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக 127 ரன் அடித்தார். அதுதான் அவரது முதல் டெஸ்ட் சதம். 1964-ல் அதே இங்கிலாந்துக்கு எதிராக, அதே ஈடன் கார்டனில் 129. அதுதான் டெஸ்டில் அவர் எடுத்த அதிகபட்ச ரன்.

மூன்றாவது சதத்தின் கதை சினிமாவை மிஞ்சும். 1967-68-ல் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியில் அவர் பெயரே இல்லை. அங்கே ஒரு வீரர் காயமடைந்ததால், அவசரமாக விமானம் ஏற்றி அனுப்பினார்கள். போய் இறங்கிய சில நாட்களிலேயே பிரிஸ்பேனில் டெஸ்ட். பழக்கமில்லாத மைதானம், சரியான பயிற்சிக்கும் நேரமில்லை. முதல் இன்னிங்சில் 74 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் இந்தியா வெற்றி பெற 395 ரன் தேவை. ஸ்கோர் போர்டில் நூறைவிடப் பெரிய எண் ஒன்று காத்திருந்தது. ஜெய்சிம்ஹா 101 ரன் எடுத்தார். இந்தியா 355 வரை வந்து, 39 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் ஜெய்சிம்ஹாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மொத்தம் 39 டெஸ்ட், 2,056 ரன், 3 சதம். 1971-ல் வெஸ்ட் இண்டீஸ் மண்ணில் முதன்முதலாகத் தொடரை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அதோடு டெஸ்டில் இருந்து விடைபெற்றார்.

ஐதராபாத் அணிக்குப் பல ஆண்டுகள் அவர்தான் தலைவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்திய அணியில் பட்டோடி தலைவர், ஜெய்சிம்ஹா அவருக்குக் கீழே ஆடுவார். ஐதராபாத் அணியில் ஜெய்சிம்ஹா தலைவர், பட்டோடி இவருக்குக் கீழே ஆடுவார்! இருவரும் நல்ல நண்பர்கள்.

இத்தனை திறமை இருந்தும் இந்திய டெஸ்ட் அணிக்கு அவர் தலைமை தாங்கியதே இல்லை. அவர் தலைமையில் ஐதராபாத் ரஞ்சிக் கோப்பையை வென்றதும் இல்லை. எண்களில் எப்போதும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. ஆனால் மனிதர்கள் மனசில்? சுனில் கவாஸ்கர் தன் மகனுக்கு வைத்த பெயர் ரோகன் ஜெய்விஷ்வா. ரோகன் கன்ஹாய், ஜெய்சிம்ஹா, விஸ்வநாத் என்று தனக்குப் பிடித்த மூன்று வீரர்களின் பெயர்களையும் சேர்த்து வைத்தது அது. ஆயிரக்கணக்கில் ரன் குவித்த கவாஸ்கர், நாயகனைத் தேர்ந்தெடுக்கும்போது சதங்களை எண்ணிப் பார்க்கவில்லை, பார்த்தீர்களா!

1999-ம் ஆண்டு ஜூலை 6-ம் தேதி, தன் 60-வது வயதில் புற்றுநோயால் ஜெய்சிம்ஹா காலமானார்.

சரி, எங்கள் ஊர்ப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். எட்டு மணி நேரம் ஆடி 99-ல் போனவரே மறுபடியும் ஆட வந்தாரா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த சனிக்கிழமை மட்டையோடு மைதானத்தில் நின்றான். நான் ஸ்கோர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டேன்! அன்று அவன் 20 ரன்கூட எடுக்கவில்லை. ஆனால் பழையபடி சிரித்துக்கொண்டே ஆடினான். எனக்கு அது போதுமாக இருந்தது.

குழந்தைகளே, உங்களுக்கும் இப்படி 99-கள் வரும். கணக்குப் பரீட்சையில் கடைசிக் கேள்வி, ஓட்டப் பந்தயத்தில் கடைசிப் பத்து அடி, பேச்சுப் போட்டியில் கடைசி வரி... மனசு படபடக்கும். அப்போது ஒன்று செய்யுங்கள். ஆழமாக மூச்சு விடுங்கள். முதல் கேள்விக்கு எப்படி விடை எழுதினீர்களோ, அப்படியே கடைசிக் கேள்விக்கும் எழுதுங்கள். எண்ணை மறந்துவிட்டு, எதிரே வரும் பந்தை மட்டும் பாருங்கள்.

அப்படியும் ஒரு மார்க் குறைந்துவிட்டதா? பரவாயில்லை. 99-ல் நின்ற ஜெய்சிம்ஹாவை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்!