அழும் பிள்ளைக்காகப் பேசிய டாக்டர்



கைப்பிள்ளை அழுதா உடனே தூக்காதே, அதுவே பழகிடும் என்று இளம் தாய்மாருக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஜான் பவுல்பி என்ற மனநல மருத்துவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அவர் 1907-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் நாலாவது. அப்பா அறுவை சிகிச்சை டாக்டர். அந்தக் காலப் பணக்கார வீட்டு வழக்கப்படி அம்மாவைத் தினமும் ஒரு மணி நேரம்தான் பார்க்க முடியும். தூக்கி வளர்த்தவர் மின்னி என்ற ஆயா. பவுல்பிக்கு நாலு வயசு இருக்கும்போது மின்னி வேலையை விட்டுப் போய்விட்டார். பெற்ற தாயையே இழந்த மாதிரி இருந்ததாம்.

டாக்டரானதும், திருட்டுப் பழக்கம் இருந்த 44 பிள்ளைகளைப் பற்றி 1944-ல் எழுதினார். அவர்களில் யாரிடமும் ஒட்டாமல் இருந்தவர்கள் 14 பேர். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயசில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள்.

அப்போது இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பிள்ளையோடு தாய் தங்க முடியாது. பவுல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த ரெண்டு வயசுப் பெண் குழந்தையின் ஏக்கத்தைப் படம் பிடித்தார். அது 1952-ல் வெளிவந்தது. பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடவேண்டும் என்று 1959-ல் அரசுக் குழுவே பரிந்துரை செய்தது.

அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுக்குப் போய், 26 குடும்பங்களின் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். பிள்ளையின் குறிப்பறிந்து நடக்கும் தாயின் பிள்ளை அதிகம் அழவில்லை. தைரியமாகத் தவழ்ந்து போய் விளையாடியது. தூக்கினால் கெட்டுப்போகும் என்ற என் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போச்சு.

இன்று பல நாடுகளில் இதை வைத்தே தாய்மாருக்கு உதவுகிறார்கள். பணியாளர் வீட்டுக்கு வந்து, தாயும் பிள்ளையும் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் வீடியோ எடுப்பார். பிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிள்ளை சிணுங்கியதும் தாய் திரும்பிப் பார்த்த இடத்தில் நிறுத்தி, இதைத்தான் உன் பிள்ளை தேடுது என்று காட்டுவார். குறை சொல்வதில்லை.

வேலைக்குப் போகிற நாம் குற்றவாளிகளா? இல்லை. தாயைத் தாங்கச் சுற்றி ஆட்கள் வேண்டும் என்பதை, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் எழுதிய அறிக்கையிலேயே பவுல்பி வலியுறுத்தினார். நாம் வரும்வரை பிள்ளை நம்பி ஒட்டிக்கொள்ள, அடிக்கடி மாறாத ஓர் ஆள் இருக்கட்டும். அது பாட்டியாகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம்.

பவுல்பி 1990-ல் காலமானார். அடுத்த கூட்டத்தில் யார் மடியிலாவது குழந்தை அழுதால், வெளியே கொண்டுபோ என்று சொல்லாதீங்க. அந்தத் தாய் நிம்மதியாகச் சமாதானப்படுத்தட்டும். அதுவரை கணக்கு நோட்டு காத்திருக்கட்டும்.