தலைவலித் தைலம் தந்த நாகேஸ்வரராவ்

மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் ஒரு பூங்கா இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அங்கே நல்ல கூட்டம். பெரியவர்கள் நடப்பார்கள். குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள். நாகேஸ்வரராவ் பூங்கா என்று அதற்குப் பெயர்.

அந்த நாகேஸ்வரராவ் யார்?

அவரைப் பலருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய மருந்தைத் தெரியாத வீடு அபூர்வம். தலையைப் பிடித்துக்கொண்டு பாட்டி உட்கார்ந்தால், பேரன் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து வருவான். உள்ளே மஞ்சள் தைலம். மூடியைத் திறந்தால் கூடம் முழுவதும் மணக்கும்.

அதுதான் அமிர்தாஞ்சனம். அதைக் கண்டவர் காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு.

டாக்டர் அல்ல, பி.ஏ.!

1867-ம் ஆண்டு மே 1-ந் தேதி, ஆந்திராவில் கிருஷ்ணா ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் அவர் பிறந்தார். மசூலிப்பட்டணத்தில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1891-ல் பி.ஏ. தேறினார்.

அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் சர்க்கார் உத்தியோகம் வீடு தேடி வரும். அவர் மனம் அதில் செல்லவில்லை. சொந்தமாகத் தொழில் செய்ய ஆசைப்பட்டார். கல்கத்தாவுக்குப் போனார். பம்பாய்க்குப் போனார். மருந்து வியாபாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றார்.

1893-ல் பம்பாயில் தைலத் தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 26.

ஆரம்பத்தில் ஒரு சீசாவின் விலை 10 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்த காலம் அது. ஏழைக்கு அது சிறிய தொகை அல்ல. பெயர் தெரியாத மருந்தை அந்த விலை கொடுத்து யார் வாங்குவார்கள்?

நாகேஸ்வரராவ் ஒரு வழி கண்டார். சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார் என்பார்கள். இரவு வெகு நேரம் கச்சேரி கேட்டவர்களுக்குத் தலைவலி வருவது சகஜந்தானே! தடவிப் பார்த்தார்கள். மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டார்கள்.

பேரனும் வைத்தியன்

இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அன்று கிராமத்தில் டாக்டரைப் பார்ப்பதே அரிது. ஒருவருக்கு உடம்பு நோகும்போது பக்கத்தில் இருப்பவர் கை பிசைந்துகொண்டு நிற்பார். அந்தக் கைக்கு இந்தச் சீசா ஒரு வேலை கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தடவலாம். பத்து வயதுப் பேரனும் தடவலாம்.

இத்தகைய தைலங்களில் கற்பூரம், புதினா உப்பு, யூகலிப்டஸ் தைலம் போன்றவை சேரும். புதினா உப்பு தோலில் பட்டதும் அங்குள்ள நரம்பு குளிர்ச்சி என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூளை அந்தக் குளிர்ச்சியைக் கவனிக்கும்போது வலி சற்று மறைகிறது. அன்போடு தேய்த்துவிடும் விரலுக்கும் இதில் பங்கு உண்டு.

வலி மறைகிறது. வலியின் காரணம் மறைவதில்லை. இங்கேதான் சில வீடுகளில் தவறு நடக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் தினமும் தலைவலி என்கிறான். தாய் தினமும் தைலம் தடவுகிறாள். ஆறு மாதம் கழித்துத் தெரிகிறது, பையனுக்குக் கண்ணாடி வேண்டுமென்று! அதுவரை கரும்பலகை அவனுக்குச் சரியாகத் தெரியவே இல்லை.

இது போனால் போகட்டும். வேறு சில தலைவலிகள் உண்டு. இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் கடும் வலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி. கீழே விழுந்து அடிபட்ட பின் வாந்தியுடன் வரும் வலி. பேச்சுக் குழறி, ஒரு கை துவண்டுபோகும் வலி. இவற்றுக்குத் தைலத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் அங்கே கணக்கு.

கண்ணுக்கு ஆகாத அஞ்சனம்

அஞ்சனம் என்றால் கண்ணுக்கு இடும் மை. ஆனால் இந்த அஞ்சனம் கண்ணில் படவே கூடாது! நெற்றியில் தடவியவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கவேண்டும். புண்ணிலும் வெட்டுக்காயத்திலும் தடவக் கூடாது.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கில் தைலம் தடவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இது ஆபத்து. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கற்பூரம் சேர்ந்த தைலமே வேண்டாம். மூச்சு திணறக்கூடும்.

கற்பூரம் வயிற்றுக்குள் போனால் அது விஷம். சிறு குழந்தைக்கு வலிப்பு வந்துவிடும். சீசா சின்னது, நிறம் அழகு, மணம் இனிமை. தவழும் குழந்தைக்கு வேறென்ன வேண்டும்? எட்டாத உயரத்தில் வைப்பதே நல்லது. தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், சீசாவையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடவேண்டும். என்ன தின்றது என்று சீசா சொல்லும்.

காலி சீசாவில் வேறு மருந்தோ சுண்ணாம்போ போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரவில் விளக்கில்லாமல் எடுத்துத் தடவினால் என்ன ஆகும்? மேலே ஒட்டிய காகிதம் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று இருக்கலாகாது.

தைலக் காசு போன இடம்

தைலம் நாகேஸ்வரராவைப் பணக்காரர் ஆக்கியது. பணம் வந்தால் பங்களா கட்டுவார்கள், கார் வாங்குவார்கள். அவர் பத்திரிகை தொடங்கினார்!

1908-ல் பம்பாயிலிருந்து 'ஆந்திர பத்திரிகை' என்ற தெலுங்கு வாரப் பத்திரிகையை வெளியிட்டார். 1914-ல் சென்னைக்கு வந்து அதைத் தினசரி ஆக்கினார். 1924-ல் 'பாரதி' என்ற இலக்கிய மாதப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். நல்ல புத்தகங்களை வெளியிட்டார். நூல்நிலையங்களுக்கு வாரி வழங்கினார். ஊரில் ஒருவர் தலைவலிக்கு வாங்கிய சீசாவின் காசு, இன்னொருவர் படிக்கும் புத்தகமாக மாறியது.

தேசோத்தாரகர் என்று ஆந்திர மக்கள் அவரை அழைத்தார்கள். காங்கிரசில் சேர்ந்து உழைத்தார். 1930-ல் உப்பு சத்தியாகிரகம் தொடங்கியது. அறுபது வயதைக் கடந்த செல்வந்தர் அதில் இறங்கிச் சிறைக்குப் போனார். சிறையில் கீதைக்கு உரை எழுதினார்.

மயிலாப்பூரில் ஸ்ரீபாக் என்ற வீட்டில் அவர் வசித்தார். 1937 நவம்பர் 16-ந் தேதி அந்த வீட்டில் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சரித்திரத்தில் அதற்கு ஸ்ரீபாக் ஒப்பந்தம் என்று பெயர்.

ஆந்திரர்களுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது நிறைவேறியது 1953 அக்டோபர் 1-ந் தேதி. அதைப் பார்க்க அவர் இல்லை. ஸ்ரீபாக் கூட்டம் முடிந்து ஐந்து மாதம் ஆவதற்குள், 1938 ஏப்ரல் 11-ந் தேதி காலமானார். அவருக்கு மகன் ஸ்தானத்தில் இருந்து பத்திரிகையையும் தைலக் கம்பெனியையும் ஏற்று நடத்தியவர் மருமகன் சிவலெங்க சம்புபிரசாத்.

பத்திரிகை பிற்காலத்தில் நின்றுபோயிற்று. தைலம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது.