பசிப்பிணி போக்கிய அருள்வள்ளல்

ஆண்டவனை அடையும் நெறிகள் பலவாகும். மலர் தூவி வழிபட்டோரும், பாமாலை சூட்டிப் பணிந்தோரும், தவமிருந்து கண்டோரும் நம் சமய வரலாற்றில் பலர் உளர். பசித்தவர்க்கு உணவளித்தலையே மேலான வழிபாடாகக் கொண்டு, அதிலே நிறைவு கண்ட பெருந்தகை வடலூர் இராமலிங்க அடிகளார் ஆவார். வள்ளலார் என்னும் திருப்பெயர் அவருக்கே உரியதாய் நிலைத்துவிட்டது.

தோற்றமும் இளமையும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா பிள்ளை, சின்னம்மையார் தம்பதியருக்கு ஐந்தாவது மகவாக 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அடிகளார் தோன்றினார். கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தையை இழந்தார். பின்னர்க் குடும்பம் சென்னையில் குடியேறியது. தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு ஆற்றிக் குடும்பத்தைக் காத்து வந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாத இளைஞர் இராமலிங்கர், கந்தகோட்டத்து முருகப்பெருமான் சந்நிதியிலும் திருவொற்றியூர்த் திருக்கோயிலிலும் உள்ளம் உருகிப் பாடி வந்தார். உறவினர் வற்புறுத்தலால் திருமணம் நிகழ்ந்தும் இல்வாழ்வில் அவர் மனம் செல்லவில்லை.

தருமச்சாலை

1858இல் அடிகளார் சென்னையை விட்டு நீங்கினார். தலயாத்திரைக்குப் பின் வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். நீரின்றிக் காய்ந்த பயிரைக் கண்டும் வருந்தும் நெஞ்சினர் அவர். வீடுதோறும் இரந்தும் பசி தீராது அயர்ந்த ஏழைகளைக் கண்டு உள்ளம் பதைத்தார். 1866ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. பாடி அழுதல் மட்டும் போதாது, பசியை ஆற்றுதலே கடன் எனத் துணிந்தார்.

பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அங்கு 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. சாதி, சமயம், ஊர், தொழில் எதனையும் வினவாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கு உணவு வழங்கப்பெறுகின்றது.

சாலையில் அரிசி தீர்ந்து, மறுநாள் அடியவர்க்கு என் செய்வது என அன்பர்கள் கலங்கிய வேளையும் உண்டு. அடிகளார் கலங்காது இறைவனைத் தியானித்துப் பொருள் வந்து சேரும் என்று தேற்றினார் என்றும், மறுநாளே வண்டிகளில் அரிசியும் பிற பண்டங்களும் வந்திறங்கின என்றும் அடியார்கள் வழிவழியாகப் போற்றி உரைக்கின்றனர்.

ஈவோர் பெறும் இன்பம்

ஏழை பசித்திருப்பது அவனது முன்வினைப் பயன். அதில் நாம் தலையிடலாமோ எனச் சிலர் தயங்குவதுண்டு. இதற்கு அடிகளார் தம் சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் தெளிவான விடை பகர்ந்தார். கொடிய குற்றம் புரிந்து சிறையில் இருப்போர்க்கும் அரசன் தன் ஏவலரைக் கொண்டு உணவளிக்கின்றான். அவ்வாறிருக்க, கருணையே வடிவான இறைவன் தன் உயிர்கள் பட்டினி கிடக்கத் திருவுளம் கொள்ளான் என்பது அவர் கருத்து.

உண்டவர் முகத்தில் மலரும் மகிழ்ச்சியில் இறையின்பமே வெளிப்படுகின்றது. அதனைக் கண்டு களிக்கும் ஈகையாளரும் அவ்வின்பத்தில் பங்கு பெறுகின்றனர் என அவர் உணர்த்தினார். கொடுப்பவர் தம்மை உயர்ந்தோராக எண்ண இதில் இடமில்லை. பெறுபவர்போலவே கொடுப்பவரும் அருள் பெற வந்தவரே. செல்வர் மட்டுமன்றி, அவரவர் தம் தகுதிக்கு ஏற்ப இயன்ற அளவில் இதனைச் செய்தல் வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

சோதி வழிபாடு

1872ஆம் ஆண்டு தைப்பூச நன்னாளில் வடலூரில் சத்திய ஞானசபை வழிபாடு தொடங்கியது. ஏழு திரைகள் நீங்கிச் சோதி காணும் அக்காட்சி, அறியாமைத் திரை விலகினால் உள்ளொளி தோன்றும் என்பதை உணர்த்துவதாகும். ஞானசபை எழும் முன்னரே தருமச்சாலை எழுந்தது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். பசி ஆற்றிய பின்னரே அருட்சோதி.

தம் நெறியை உலகம் முழுமையாக ஏற்கவில்லையே என்ற வருத்தம் இறுதிக் காலத்தில் அடிகளாருக்கு இருந்தது. எனினும் தளர்ந்தாரில்லை. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருவறை புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். அவர் சேர்த்து வைத்த பொருள் ஏதுமில்லை. விட்டுச் சென்றது எரியும் ஓர் அடுப்பே.

திருவிழாக் காலங்களில் ஆலயந்தோறும் அன்னதானம் நிகழ்கின்றது. அரிசி தருவோரும், காய்கறி நறுக்குவோரும், பந்தியில் பரிமாறுவோரும், இலை எடுப்போரும் அவ்வடுப்பின் வெம்மையைக் காத்து வருவோரே ஆவர். பந்தியில் அமர்ந்தவரின் முகமலர்ச்சியில் ஆண்டவனைக் கண்டு, வள்ளல் பெருமான் காட்டிய வழி நின்று, அனைவரும் அருள்நலம் பெறுவோமாக.