இஷி: ஓர் இனத்தின் கடைசி மனிதர், நவீன வில் வேட்டைக்கு ஆசிரியர் ஆனது எப்படி?

கார்பன் தண்டு, பிளேடு மாதிரி கூரான முனை, இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். அமெரிக்காவில் இன்று வில் வேட்டைக்குப் போகிற பலரின் கையில் இருப்பது இதுதான். இந்த வில்லுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1969-ல்தான். ஆனா, வேட்டை அம்பை எப்படிச் செய்யணும் என்று நவீன அமெரிக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர், 1916-லேயே இறந்துபோன ஒரு பழங்குடி மனிதர்.

யார் இந்த இஷி?

வடக்கு கலிபோர்னியாவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த யாஹி இனத்தைச் சேர்ந்தவர். தங்கம் தேடி 1849 வாக்கில் வெள்ளையர்கள் குவிந்த பிறகு, யாஹி மக்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பிய சிலர் பல ஆண்டுகள் மறைந்தே வாழ்ந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், அம்பு காட்டிக்கொடுக்காது. அவர்களுக்கு வில் விளையாட்டுப் பொருள் இல்லை, உயிர்.

1908-ல் நில அளவைக்கு வந்த குழு ஒன்று அவர்களின் கடைசி முகாமைக் கண்டுபிடித்து, இருந்த பொருட்களை அள்ளிச் சென்றது. மிஞ்சிய குடும்பமும் சிதறியது. 1911 ஆகஸ்டில் ஓரோவில் நகருக்கு அருகே, ஒரு இறைச்சிக்கூடத்தில் பசியோடு தனியாக நின்றவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். பிறகு மானுடவியலாளர்கள் அவரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கம் இல்லை. அதனால் ஆய்வாளர் ஆல்ஃபிரட் க்ரோபர் வைத்த பெயர்தான் இஷி. அவர் மொழியில் மனிதன் என்று அர்த்தம்.

அம்பை எப்படிச் செய்தார்?

பக்கத்து மருத்துவக் கல்லூரி அறுவை சிகிச்சை நிபுணர் சாக்ஸ்டன் போப், இஷியிடம் வில்வித்தை கற்றுக்கொண்டார். அவர் பார்த்தது இதைத்தான்.

தண்டு: விட்ச் ஹேசல் என்ற செடியின் நேரான குச்சிகளை வெட்டி, கட்டாகக் கட்டி நிழலில் காயவைப்பார். தேறியதை மட்டும் எடுத்து, தணலில் சூடுகாட்டி நிமிர்த்துவார். இன்று காம்பவுண்ட் வில்லுக்கு அம்பு வாங்கும்போது முதலில் பார்க்கிற விஷயமும் தண்டுதான். அதன் விறைப்பு வில்லின் இழுவிசைக்குப் பொருந்தலைன்னா குறி தப்பும்.

முன்பாரம்: தண்டின் முன்னால் கனமான மரத்துண்டைச் செருகி, மான் தசைநாரால் சுற்றிக் கட்டுவார். முன்பக்கம் கனமாக இருந்தால் அம்பு தடுமாறாது. இன்றைய வேட்டைக்காரர்கள் கனமான முனை போடுவதும் இதற்காகத்தான்.

முனை: எரிமலைக் கண்ணாடியை மான் கொம்பால் அழுத்தி, சில்லு சில்லாகப் பெயர்த்துச் செய்வார். பாட்டில் கண்ணாடியையும் விடவில்லை.

இறகு: மூன்று. இன்றைய அம்புகளிலும் பெரும்பாலும் மூன்றுதான், இறகுக்குப் பதில் பிளாஸ்டிக்.

பிறகு என்ன ஆச்சு?

1916 மார்ச் 25-ல் காசநோயால் இஷி இறந்தார். போப் 1923-ல் எழுதிய வில் வேட்டைப் புத்தகம், அமெரிக்காவில் இந்தக் கலைக்கு மறுவாழ்வு கொடுத்தது.

ஆனா, இஷிக்கு நிம்மதி கிடைக்க இன்னும் 84 வருஷம் ஆனது. க்ரோபர் வேண்டாம் என்று கடிதம் எழுதியும், உடலை அறுத்து மூளையை எடுத்தார்கள். அது ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. உறவுப் பழங்குடியினர் போராடி மீட்டு, 2000-ல்தான் சாம்பலோடு சேர்த்து அவர் மண்ணில் புதைத்தார்கள். இடத்தை மட்டும் வெளியே சொல்லவில்லை. வாழும்போது அவரைக் காப்பாற்றியதும் அந்த மறைவுதானே!